மணல் வாளி

பின்கதவிலிருந்து பஸ் தரிப்பு வரை
நூற்றுப் பன்னிரண்டு அடி.
எண்ணியிருக்கிறேன்,
ஒவ்வொன்றையும் பயந்து பயந்து வைத்ததால்.

ஸ்காபரோவில் தை மாதம்.
பகலில் உருகுவது இரவில் கண்ணாடியாகும்.
கண்ணாடிக்கு மேல் ஒரு பூச்சுப் பனி,
பொய்யனின் பல்வரிசை போல வெள்ளை.

கட்டடக் கூட்டத்தில் சுகிர்தன் எழும்பிச் சொன்னான்:
"கதவடியில ஒரு வாளி மணல் வைப்பம்.
உள்ளுக்கு ஒரு பால்மாப் பேணி.
போறவை ஒரு பேணி அள்ளி
முன்னால எறிஞ்சிட்டுப் போகட்டும்."
அவ்வளவுதான். இருந்துவிட்டான்.
இரவெல்லாம் பார்சல் இறக்கியவன்,
கண் சிவந்திருந்தது.

முதலில் பரமலிங்கம்:
மணல் சப்பாத்தில் ஒட்டி லிஃப்டுக்குள் வரும்.
பிறகு லூர்தெஸ்:
குனிய முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?
வாளியை மேசையில் வை என்றது ஒரு குரல்.
மேசை சில்லுநாற்காலிக்கு உயரம் என்றது இன்னொன்று.
காலை நாலரைக்குப் போகிற முதல் ஆளுக்கு
யார் எறிவது?
மைனஸ் முப்பதில் மணல் கட்டியாகாதா?
முன்கதவால் போகிறவர்களும்
காசு கட்டுகிறவர்கள்தானே?

எல்லாம் நியாயம்.
ஒவ்வொரு நியாயத்துக்கும் தலையாட்டினோம்.
இன்னும் வாங்காத வாளி
கொஞ்சம் கொஞ்சமாய் வெறுமையானது.

கடைசியில் நான்.
குரலில் கொஞ்சம் கருணை கலந்து:
"ஒன்பதாம் மாடிக் கொறற்றியை யோசியுங்கோ.
இடுப்பெலும்பு மாத்தி ஆறு கிழமை.
வோக்கரைப் பிடிச்ச ரெண்டு கையால
அவ எப்பிடி மணல் அள்ளுவா?"
சபை அமைதியானது.
யாரோ 'பாவம்' என்றார்கள்.
அந்தப் 'பாவம்'
எனக்குக் கிடைத்த கைதட்டல்.

கொறற்றி அன்று கூட்டத்துக்கு வரவில்லை.
வரச்சொல்லி ஒருவரும் கேட்கவுமில்லை.

சூடேறும் நடைபாதை வேண்டுமென்று
நகரசபைக்கு மனு எழுத
ஏகமனதாய்த் தீர்மானம்.
நான்தான் எழுதினேன். நல்ல மனு.
எல்லோரும் அதில் இருந்தார்கள்,
நாய்க்குட்டிகளின் பாதங்கள் உட்பட.

பிறகு தேத்தண்ணி வந்தது.
சீனி அள்ளிப் போட்டது.
நீரிழிவுக்காரர் நாங்கள் ஐந்து பேர்.
தேத்தண்ணியை ரத்துச்செய்ய ஒருவரும் பிரேரிக்கவில்லை.
ஒருவர் அரைக் கோப்பையோடு நிறுத்தினார்,
ஒருவர் சுடுதண்ணி விட்டுக் கலக்கினார்,
நான் முழுதாய்க் குடித்தேன்.

மாசி பிறந்தது. மனுவுக்குப் பதில் இல்லை.
ஒரு விடியல், தெருவிளக்கின் மஞ்சளில்
கொறற்றி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.
வோக்கர்க் கூடைக்குள் பழைய அரிசிப் பை,
பைக்குள் மணல்,
மணலில் குத்தி நின்றது சோற்றகப்பை.
நிற்பார். எறிவார்.
இரண்டடி வைப்பார்.
நிற்பார்.

"ஆர் தந்த மணல்?"
"சுகிர்தன். கூட்டம் முடிஞ்ச அடுத்த நாளில இருந்து
கதவுக்கு முன்னால வைச்சிட்டுப் போறான்."
கண்ணை நிலத்திலிருந்து எடுக்காமல் கேட்டார்:
"அங்க என்ர பேரும் அடிபட்டதாமே.
என்னவாம்?"

மைனஸ் பதினெட்டு.
எனக்குக் காது சுட்டது.
"சும்மா," என்றேன்.

மணல் எல்லா இடமும் விழவில்லை.
இடப்பக்கம் ஒரு முழத்துக்கு வெறும் ஐஸ்.
வடிகால் மூடியில் ஒரு துகளும் நிற்கவில்லை.
ஐம்பத்துநாலாவது தரம் அகப்பை
பையின் அடியைச் சுரண்டியது.
மிச்சம் நாலடி.
வோக்கரை இறுக்கிப் பிடித்தார், பல்லைக் கடித்தார்,
ஏதோ ஒரு மாதாவைக் கூப்பிட்டார்,
போய்ச் சேர்ந்தார்.
பின்னால் நான்,
அவர் எறிந்த இடம் பார்த்துக் கால்வைத்து.

அன்று மாலை லிஃப்டுக்குள் மணல் கிடந்தது.
பரமலிங்கம் சொன்னது சரிதான்.
அவருடைய சப்பாத்திலும்
இருந்தது.